ஏரியை நகர்த்திய தீர்மானம்

என் மனைவி இராஜம்மாவுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒரு சமையல்கட்டு. பெரிதாக ஒன்றும் இல்லை. தானே மூட்டி, தானே அணைக்கிற ஓர் அடுப்பு, நடுவில் யாரும் தலையை நீட்டி, "அக்கா, உங்க குழம்பு இறங்கிடுச்சா?" என்று கேட்காமல் இருந்தால் போதும். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நான்கு குடும்பங்களுக்கு ஒரே அடுப்படி. ஐந்து மணிக்கு எழுந்து வரிசையில் நின்றால்தான் எட்டு மணிக்கு என் தூக்குச்சட்டி நிரம்பும். அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பிணி.

அரசாங்கக் குவாட்டர்ஸ் கிடைத்தால் தனி அடுப்படி. குவாட்டர்ஸ் கிடைக்க வேண்டுமானால் உத்தியோகம் நிரந்தரமாக வேண்டும். நானோ அந்த 1934ஆம் வருஷத்தில், கோலாலம்பூரில் படம் வரையும் ஓர் ஆபீஸில் தற்காலிக டிரேசர். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் வரைந்த நிலப்படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, ஒரு கோடும் பிசகாமல் பிரதி எடுப்பது என் வேலை. தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் முடிந்திருந்தது.

என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுத வேண்டியவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சிவகுருநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு காகிதத்தில் எழுதியிருப்பதும் கண்ணால் பார்ப்பதும் வேறு வேறாக இருந்தால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். காகிதத்தைச் சந்தேகப்பட மாட்டார். அவ்வளவுதான். அவர் சொன்னதை நான் ஒருநாளும் தட்டியதில்லை. அந்தச் சித்திரையில் செராஸ் ரோட்டுப் புதுக் குவாட்டர்ஸ் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"தம்பி, இதில பன்னிரண்டு வீடுதான் கிடக்கு. வரிசைக் கடைசியில இன்னும் ரெண்டைப் போட்டுவிடும். பதினாலு எண்டு மேலிடத்துக்கு எழுதியாச்சு."

போட்டுவிட்டேன். இரண்டு வீடு கட்டி முடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

மாலை ஐந்து மணிக்குமேல் இதே சிவகுருநாதன், பிரிக்பீல்ட்ஸ் தமிழ் உத்தியோகஸ்தர் தேகாரோக்கிய அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு ஒரு கூடம், பதினாறு நாற்காலிகள், மேசைமேல் அடிக்க ஒரு மணி, சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் உண்டு. தேகாரோக்கியத்துக்கென்று என்றோ வாங்கிய ஒரு ஜோடி கர்லாக்கட்டையும் உண்டு. மினிட்ஸ் காகிதம் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றை அதன்மேல் வைப்பார்கள். நானும் அங்கத்தினன்தான். தற்காலிக உத்தியோகஸ்தன் ஆகையால் நின்றுகொண்டே கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று விதி.

ஒருநாள் தலைவர் எங்கேயோ ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்து மணியை அடித்தார்.

"கனவான்களே! சுவீடன் தேசத்தில் ஓர் அற்புதமான விளையாட்டு நடக்கிறது. மனிதன் கையில் ஒரு நிலப்படத்தையும் ஒரு திசைகாட்டியையும் கொடுத்துக் காட்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். அவன் படத்தில் குறித்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும். முதலில் வருகிறவனுக்குக் கோப்பை. நமது உத்தியோகஸ்தர்கள் மாலையில் என்ன செய்கிறார்கள்? சீட்டு ஆடுகிறார்கள். நேற்று நானே ஆடினேன். இந்த நிலை மாற வேண்டும். ஏரித் தோட்டத்தில், ஒரு மாலை நேரத்தில், நமது சங்கம் இந்த விளையாட்டை நடத்தும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சீட்டுக்கட்டை எடுத்தார்கள்.

மறுநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி தம்புசாமி, படம் கீறத் தெரிஞ்ச ஆள் சங்கத்தில நீர் ஒருத்தர்தான். ஏரித் தோட்டத்தை அளந்து ஒரு படம் போடும். எட்டு இடத்தில முளை அடியும். விளையாட்டு நல்லபடியா முடிஞ்சால், அடுத்த கிழமை உம்முடைய சிபாரிசு துரையின்ர மேசையில இருக்கும். விளங்குதோ?"

விளங்கியது. வீட்டுக்குப் போய் இராஜம்மாவிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, "வெளையாடினா வீடு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"வெளையாட வேண்டாம். படம் போட்டா போதும்."

"அதைத்தானே தெனமும் போடுறீங்க? அப்ப நமக்கு அடுப்படி வந்துருச்சுன்னு வச்சுக்குங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏரித் தோட்டத்தில் அலைந்தேன். காலடியால் அளந்தேன்; சாரணர்களிடம் இரவல் வாங்கிய திசைகாட்டியால் திசை பார்த்தேன். ஆறு வருஷமாகப் பிறர் கோட்டின்மேல் கோடு போட்டவன் நான். முதல்முறையாக என் கண்ணால் பார்த்ததை என் கையால் வரைந்தேன். ஏரியின் கரை எங்கே வளைகிறதோ அங்கே என் பேனாவும் வளைந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்? எட்டு முளைகளுக்கு வெள்ளையடித்து, எண் போட்டு அடித்தேன். முதல் முளை கக்கூசுக்குப் பக்கத்தில், இரண்டாவது குன்றின் உச்சியில், கடைசி முளை நாற்றுப் பண்ணைக்குப் பின்னால் எருக்குழி ஓரத்தில். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஏரி. அதைச் சுற்றி வர வேண்டும். அதுதான் விளையாட்டின் சூட்சுமம்.

படம் முதல் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிற்று. முளைகள் இருக்கும் இடங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டு, மினிட்ஸில் ஏறின. அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, "இதில் ஓட வேண்டுமா?" என்று கேட்டார். ஓடுவது பியூன்களுக்கு உரியது என்பதால், ஓட்டம் நீக்கப்பட்டது. வேகமாக நடப்பது பற்றி ஒரு மணி நேரம் விவாதம். கடைசியில், கோட்டுப் பொத்தான் கழலாத வேகத்தில் நடக்கலாம் என்று முடிவாயிற்று. முளையில் ரப்பர் முத்திரையைக் கட்டித் தொங்கவிடலாம், வருகிறவர்கள் தாங்களே குத்திக்கொள்ளட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். முத்திரையைத் தானே குத்திக்கொள்வதா? ஒவ்வொரு முளைக்கும் ஒரு மேசை, ஒரு கிராணி என்று தீர்மானமாயிற்று. முத்திரை வேண்டுவோர் அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கூட்டத்தில் ஒவ்வொரு முளைக்கும் ஒரு பிரமுகரின் பெயரைச் சூட்டினார்கள். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

கடைசி முளைதான் சிகரம் ஆகையால், அதற்குத் தலைவர் பெயர். முதல் முளைக்கு உபதலைவர் இராமலிங்கம் பெயர். இராமலிங்கம் கிள்ளானில் அரிசிக் கடை வைத்திருப்பவர், உத்தியோகஸ்தர் அல்ல. ஆனாலும் சங்கத்தின் பதினாறு நாற்காலியும் அவர் கொடுத்தவை. பெயர்களை மசியால் எழுதி முடித்துப் படத்தை நிமிர்த்திக் காட்டினேன். காரியதரிசி கார்த்திகேசு குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தலைவருடைய பெயர் எருக்குழியில கிடக்கு."

எல்லோரும் எழுந்து வந்து படத்தின்மேல் குனிந்தார்கள்.

"அப்ப எம் பேரு?" என்றார் இராமலிங்கம்.

"கக்கூசுக்குப் பக்கத்துல, அண்ணே," என்றேன்.

நான் அவசரமாக, "முளையைப் பிடுங்கி வேறே இடத்தில் அடித்துவிடலாம், ஐயா. ஐந்து நிமிஷ வேலை," என்றேன்.

கார்த்திகேசு சிரித்தார். சட்டம் தெரியாதவனைப் பார்த்துச் சட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. "முளையை எப்படித் தம்பி எடுக்கிறது? முளைகளின்ர இடம் போன கூட்டத்தில தீர்மானமாகி மினிட்ஸில ஏறிவிட்டுது. அதை மாத்த வேணுமெண்டால் இருபத்தொரு நாள் நோட்டீஸ் குடுத்து மகாசபை கூட்ட வேணும். அழைப்பிதழில தேதி அடிச்சாச்சு." அவர் மினிட்ஸ் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "ஆனால் குன்றைப் பற்றி மினிட்ஸில ஒண்டுமில்லை. ஏரியைப் பற்றியும் ஒண்டுமில்லை. ஆனபடியால் அதுகளை நோட்டீஸ் இல்லாமலே நகர்த்தலாம்."

நான் நின்றுகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்திருந்தால் விழுந்திருப்பேன்.

குன்றை எட்டாம் முளைக்குக் கொண்டுவருவது என்று தலைவரைத் தவிர மற்றவர்கள் முன்மொழிந்தார்கள். தலைவர் கூச்சத்தோடு வழிமொழிந்தார். உடனே இராமலிங்கம், "தலைவருக்குக் குன்று குடுத்தீங்க, சரி. எனக்குக் கொஞ்சம் காத்தாவது வர வேண்டாமா? அந்த ஏரியை என் பக்கம் தள்ளுங்களேன்," என்றார். நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. ஏரி இருந்த இடத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"புல்வெளி எண்டு போடும்," என்றார் கார்த்திகேசு.

"ஐயா, மூன்றாம் முளையிலிருந்து நான்காம் முளைக்குப் போகிறவர்கள் அந்தப் புல்வெளி வழியாக..."

"வழி சுருக்கமாப் போச்சு. நல்லதுதானே?"

மூன்றாவது கூட்டத்தில் வடக்கையும் திருத்தினார்கள். முதல் முளை, புறப்படும் இடத்துக்குத் தெற்கே இருந்தது. மங்கள காரியத்தில் முதல் அடியை எமன் திசையில் எடுத்து வைப்பதாவது என்று கார்த்திகேசுவே ஆட்சேபித்தார். ஆகவே படத்தின் மூலையில் இருந்த அம்புக்குறியைத் தலைகீழாகத் திருப்பி வரையச் சொன்னார்கள். தெற்கு வடக்காயிற்று. திசைகாட்டி ஒத்துக்கொள்ளாதே என்று நான் முனகினேன். "திசைகாட்டி நம்மட சங்கத்தில அங்கத்தினர் இல்லை. அதுக்கு வாக்குரிமை கிடையாது," என்றார் தலைவர்.

ஆபீஸிலிருந்து வந்து, அடுப்படி காலியாவதற்குக் காத்துக்கொண்டிருந்த இராஜம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஏரியை நானே சுரண்டினேன். கத்தி முனையால் மெழுகுத் துணியில் மசியைச் சுரண்டுவது எனக்குப் பழக்கமான வேலை. அன்றைக்கு மட்டும் கை வலித்தது.

"என்னத்தை அழிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஏரியை."

"பாத்துங்க. ஒழுகப் போவுது," என்றாள்.

விளையாட்டு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. முப்பத்தொரு பேர் போட்டிக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் கோட்டு, தலைப்பாகை, பூட்ஸ். ராவாங்கிலிருந்து ரயில் ஏறி வந்தவர்கள்கூட உண்டு. கையில் ஆளுக்கு ஒன்றாக என் படத்தின் நீலப் பிரதி. எல்லாப் பிரதிகளின் கீழும் 'வரைந்தவர்: தம்புசாமி' என்று இருந்தது. மற்ற திருத்தங்கள் யாருடையவை என்று போட இடம் இல்லையாம். ஆறரை மணிக்குமேல் கூட்டம் இருக்கக் கூடாது என்று, ஏரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துரையின் கடிதம் என் பையில் இருந்தது.

நான் விசிலை வாயில் வைத்தேன். கார்த்திகேசு என் கையைப் பிடித்தார்.

"என்ன தம்பி செய்யப் பார்க்கிறீர்? ஞாயிற்றுக்கிழமை நாலரையிலயிருந்து ஆறு மட்டும் ராகுகாலம்!"

"ஐயா, நேரம் குறித்தது கமிட்டிதானே?"

"கமிட்டி நாலரைக்கு ஆரம்பம் எண்டுதான் சொன்னது. பேச்சு ஆரம்பிக்கலாம். பேச்சுக்கு ராகுகாலம் கிடையாது."

பேச்சு ஆரம்பித்தது. வரவேற்புரை அரை மணி. பின்னால் எல்லோரும் களைத்துப் போவார்கள் என்பதால் வந்தனோபசாரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். விளையாட்டு சிறப்பாக நடந்து முடிந்ததற்காகக் கடவுளுக்கும் தோட்டத்துத் துரைக்கும் நன்றி கூறப்பட்டது. கடைசியாகத் தலைவர் எழுந்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இதுவரை ஒருவரிடமும் வழி கேட்டதில்லை. ஏனென்றால் எனக்கு முன்னால் எப்போதும் ஒரு பியூன் நடப்பான். இந்த வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் எப்படி வழி கண்டுபிடிப்பார்கள்? மேலே இருப்பவர்கள் அங்கீகரித்த படத்தைப் பார்த்து! கண்ணை நம்புகிறவன் காட்டுமிராண்டி. படத்தை நம்புகிறவன் உத்தியோகஸ்தன். இன்று இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு புல்லும் நமது கமிட்டி விவாதித்து முடிவு செய்த புல்!"

ஆறு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து நான் விசில் ஊதினேன். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஒருவரும் நகரவில்லை. தலைவர் முதல் அடி எடுத்து வைக்கக் காத்திருந்தார்கள். அவர் வைத்ததும் உபதலைவர், அவருக்குப் பின்னால் காரியதரிசி, பிறகு உத்தியோக மூப்பு வரிசைப்படி மற்றவர்கள். தலைவரை முந்துவது யாருக்கும் தோன்றவே இல்லை. ஒருவரோடொருவர் போட்டி போட வந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராகக் கோயில் வரிசை மாதிரி நடந்து போனார்கள்.

நான் புறப்படும் இடத்தில் கடிகாரத்தோடு நின்றேன். வேறு வேலை எனக்குக் கொடுக்கவில்லை.

முதல் முளையில் தாமதம். மனு எழுத யாரும் காகிதம் கொண்டுவராததால் முத்திரை கிடைக்கவில்லையாம். அங்கே காற்று வாங்க ஏரி இல்லையே என்று இராமலிங்கம் தேடினாராம். இரண்டாம் முளைக்குப் போகப் படத்தில் மேடே இல்லாத இடத்தில் மூச்சு வாங்க ஏறினார்கள். ஆறரை மணிக்கு, முளைகளில் உட்காரவைத்த எட்டுக் கிராணிகளும் அனுமதி நேரம் முடிந்துவிட்டதென்று மேசையை மடித்துத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான். நான் பதறிப்போய், "உள்ளே ஆட்கள் இருக்காங்களே!" என்றேன். "மனு எதுவும் வரலையே லா," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சத்தமும் இல்லை. சிபாரிசைப் பற்றிக்கூட அப்போது நினைக்கவில்லை. மூன்றாம் முளைக்கு அப்பால் இருக்கும் புல்வெளியைத்தான் நினைத்தேன். ஏரியின் அந்தக் கரையெல்லாம் தாமரை இலை மூடிக் கிடக்கும். மங்கலில் பார்த்தால் புல் மாதிரியே இருக்கும். கார்பைடு விளக்கை ஏற்றிக்கொண்டு ஓடினேன். என் கோட்டுப் பொத்தான் எல்லாம் கழன்றுவிட்டது.

அங்கே, தண்ணீருக்குள், முழங்கால் அளவில் எங்கள் தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூப்பு வரிசை கலையாமல் முப்பது பேர். வரிசையின் கடைசியில் இருந்த இளையவர்கள் மட்டும் கரையில் நின்று, தங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தார்கள். தலைவர் நீலப் பிரதியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புல் கொஞ்சம் ஈரமாக் கிடக்கு," என்றார்.

"மழை பெய்திருக்கும், ஐயா," என்றார் கார்த்திகேசு.

"ஐயா! அது ஏரி! திரும்பி வாங்க!" என்று கத்தினேன்.

தலைவர் என் விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "ஆர், தம்புசாமியோ? நீர் இஞ்ச என்ன செய்யிறீர்? உம்மைப் புறப்படுற இடத்தில அல்லவோ நிக்கச் சொன்னது? அதோடு நீர் வாற பக்கம் படத்தில பாதையே இல்லையே."

"ஐயா, இன்னும் ரெண்டு அடி வச்சா ஆழம்!"

"தீர்மானத்தில அப்படி ஒண்டும் இல்லை," என்று சொல்லி அவர் ஓர் அடி வைத்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரத்தில் இராமலிங்கம் அலறினார். "யோவ் தம்புசாமி! காலு சேத்துல பூந்துருச்சுய்யா! இழுய்யா! ஏரி எங்க இருந்தா எனக்கென்னய்யா, மொதல்ல என்னை இழு!"

குதித்தேன். நல்ல கனம் அவர். சேறு அவரை விட மனமில்லாமல் விட்டது. ஒரு பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு தலைவரைக் கையைப் பிடித்துத் திருப்பினேன். ஆறு வருஷத்தில் அவரைத் தொட்டது அதுவே முதல் தடவை. அவருடைய தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பாவமாக இருந்தது. "மெதுவா வாங்க, ஐயா. இங்கே கரை வளையும். எனக்குத் தெரியும்," என்றேன். அவர் என் கையை விடாமல் வந்தார்.

முப்பத்தொரு பேரையும் விளக்கு வெளிச்சத்தில் ஏரியைச் சுற்றி அழைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மூத்தவர்களின் கோட்டிலிருந்தெல்லாம் தண்ணீர் சொட்டியது. யாருமே ஒரு முத்திரையும் வாங்கவில்லை. ஆனாலும் கோப்பையைச் சும்மா கொண்டுபோவது முறையல்ல. எல்லோருக்கும் முன்னால் நடந்தவர் தலைவர் என்பதை யாராலும் மறுக்க முடியாது. ஆகவே தலைவர் தம் கையாலேயே தமக்குக் கோப்பையை வழங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை இராஜம்மாவுக்குச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப சிபாரிசு?"

"புதன்கிழமை விசாரணைக் கமிட்டி. என்னைச் சாட்சியாக் கூப்பிட்டிருக்காங்க. உள்ளதைச் சொன்னா வேலையே இருக்காது."

என் வேட்டியில் ஒட்டியிருந்த தாமரைத் தண்டை எடுத்துப் போட்டாள். "எனக்கு அடுப்படி வேணுந்தான். ஆனா நனைஞ்சது நீங்க. என்ன சொல்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க," என்றாள்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. விபத்துக்குக் காரணம் எது என்பதுதான் கேள்வி. படமாக இருக்க முடியாது. அது ஏகமனதாக நிறைவேறியது. தலைமையாக இருக்க முடியாது. அது வருஷா வருஷம் ஏகமனதாக நிறைவேறுகிறது. ஆகவே நிலம்தான் பிசகியிருக்க வேண்டும் என்றார் கார்த்திகேசு. ஏரியைச் சங்கத்துக்கு அறிவிக்காமல் எப்போது இடம் மாற்றினார்கள் என்று கேட்டுத் தோட்டத்துத் துரைக்கு எழுதும் கடிதத்தின் நகல் தயாராக இருந்தது. அதில் ஒரு நிபுணரின் சாட்சியம் சேர்க்க வேண்டும். நிபுணர் நான்தான். அன்றைக்கு எனக்கு நாற்காலி போட்டார்கள்.

தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று துரைக்குக் கடிதம். இன்னொன்றின் தலைப்பில் என் பெயர் இருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்; அது எங்கள் தொழில் பழக்கம்.

"தம்பி," என்றார் கார்த்திகேசு, "ஒரேயொரு கேள்வி. ஏரித் தோட்டத்தில ஏரி எந்தப் பக்கம் கிடக்கு?"

இராமலிங்கத்தைப் பார்த்தேன். புது பூட்ஸ் போட்டிருந்தார். அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையோரம் நடந்த என் கால்கள் நினைவுக்கு வந்தன. வரிசையில் நிற்கும் இராஜம்மாவும் நினைவுக்கு வந்தாள்.

"வடக்கே, ஐயா. முதல் முளைக்குப் பக்கத்தில்," என்றேன்.

"நடுவில இருக்கிறது?"

"புல்வெளி."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. தலைவர் பேனாவை எடுத்து இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பதான் நீர் நிரந்தரத்துக்குத் தகுதியான ஆள்," என்றார்.

உத்தரவு வந்தது. நிரந்தர உத்தியோகம், அதோடு குவாட்டர்ஸும். இராஜம்மா அந்தக் காகிதத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். ஒரு நல்ல நாள் பார்த்து, மாட்டு வண்டியில் பாயும் பெட்டியும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். புது அடுப்பு ஒன்றை அவளே பாசார் சந்தையில் பொறுக்கி எடுத்து, வண்டி குலுக்கலில் உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பழைய வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்ததில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

செராஸ் ரோட்டில் புது வரிசை வந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டே போனோம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு அப்பால் ஒரு சாக்கடையும், ஆள் உயரத்துக்கு லாலாங் புல்லும்.

வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, "எத்தனாம் நம்பர், அண்ணே?" என்றார்.

உத்தரவை விரித்தேன். பதினாலு. அதோடு, அதுவரை நான் பிரித்தே பார்க்காத ஒரு படமும் இணைத்திருந்தார்கள். வரிசைக் கடைசியில் மசி கொஞ்சம் புதிதாகத் தெரிந்த இரண்டு வீடுகள். கடைசி வீட்டில் 'சமையல்' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரர் வெளியே வந்து, "பதினாலா? இங்க பன்னெண்டோட சரிங்க," என்றார்.

இராஜம்மா அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினாள். என் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"அவருக்கு என்ன தெரியும்?" என்று பன்னிரண்டாம் நம்பர்க்காரரைக் காட்டிச் சொன்னாள். "நீங்கதான் படம் தெரிஞ்சவரு. ஏரி வடக்க இருக்குன்னு கமிட்டியில சொன்னீங்கள்ல? அதே மாதிரி இப்பயும் நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

சாக்கடையைத் தாண்டி, லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நடுவில் நின்று, இடுப்பிலிருந்த அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சமையல்கட்டு இங்கதானே?"